விர்ச்சுவல் மெமரியை நிறுத்தினால் வேகம் கூடுமா? (பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம்)

மார்ச் 2, காலை 9.10 (கேள்வி)

லேப்டாப்பில் 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கிப் பத்து வருடம் ஆகப்போகிறது. பிரவுசரையும் வேர்டையும் சேர்த்துத் திறந்தால் போதும், அப்படியே நின்றுவிடுகிறது. விர்ச்சுவல் மெமரி ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதால்தான் மெதுவாகிறது, நிறுத்திவிட்டால் எல்லாம் ரேமிலேயே ஓடும் என்கிறார் ஒருவர். ரேமைப் போல ஒன்றரை மடங்கு கூட்டி வை என்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?

மார்ச் 2, இரவு 10.25

நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தவன்.

அப்பாவின் லேப்டாப்பும் கிட்டத்தட்ட உங்களுடையது போலத்தான். 4 ஜிபி, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க். ஓய்வு பெற்ற பிறகு தன் வேலைக் காலத்து நினைவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரு வரி அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு திரையைப் பார்ப்பார். எழுத்து ஒன்றும் வந்திருக்காது. மூன்று நான்கு நொடி கழித்து முழு வரியும் மொத்தமாக வந்து விழும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பேஜ் ஃபைலை நிறுத்தினேன். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் கோப்பு அது, நீங்கள் விர்ச்சுவல் மெமரி என்று கேட்பதும் அதைத்தான்.

இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நினைவகம் போதவில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது, எழுதும் மென்பொருள் மூடிக்கொண்டது. சேமிக்காத இரண்டு பக்கம் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அன்றிரவே பேஜ் ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் அப்போது புரியவில்லை. பேஜ் ஃபைலை நிறுத்திய பிறகும் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. எல்லாம் ரேமில் என்றால் டிஸ்க்குக்கு அப்படி என்ன வேலை? இதற்கான விடையைப் பின்னால் சொல்கிறேன்.

மார்ச் 3, காலை 7.40

நேற்று அனுபவத்தை மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணினி ஒரு பெரிய முகவரிப் பரப்பைக் கொடுத்து "இதெல்லாம் உன்னுடையது" என்கிறது. அந்தப் பரப்பு 4096 பைட் அளவுள்ள பக்கங்களாக வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை உண்டு. மென்பொருள் கேட்கும் பக்கம் ரேமில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் செயலி ஒரு பேஜ் ஃபால்ட்டை எழுப்பி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. அது டிஸ்க்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து ரேமில் வைத்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து மென்பொருள் தொடரும். இவ்வளவும் நடந்தது மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. காத்திருப்பது நாம்தான்.

எவ்வளவு நேரம்? ரேமிலிருந்து எடுக்கச் சுமார் 100 நானோ நொடி. 5400 சுற்று டிஸ்க் ஒரு முறை சுற்ற 11.1 மில்லி நொடி. நமக்கு வேண்டிய இடம் தலைக்கு (சுற்றும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை) அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி நொடி. அதற்கு முன் தலை தட்டில் உள்ள சரியான வட்டத் தடத்துக்கு நகர வேண்டும், லேப்டாப் டிஸ்க்கில் அதற்கு 12 மில்லி நொடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு பக்கத்துக்கு 17, 18 மில்லி நொடி.

மனதில் பதிய வேண்டுமானால் இப்படிப் பாருங்கள். ரேமிலிருந்து எடுப்பது ஒரு நொடி வேலை என்றால், டிஸ்க்கிலிருந்து எடுப்பது இரண்டு நாள் வேலை. மேசை மேல் இருக்கும் தாளை எடுப்பதற்கும், அதே தாளுக்காக வெளியூர் போய்த் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு தாளுக்கு ஒரு பயணம்.

மார்ச் 3, காலை 8.05

கேட்ட கேள்விக்குப் பதில் விட்டுப்போயிற்று. ஒன்றரை மடங்கு என்பது பழைய கால வழக்கம். ரேம் மெகாபைட்டில் இருந்தபோது பொருந்தியது. இப்போது "கணினியே முடிவு செய்யட்டும்" என்று விட்டுவிடுவது நல்லது. பேஜ் ஃபைலைப் பெரிதாக்குவதால் மென்பொருள் திடீரென மூடிக்கொள்வது குறையும். வேகம் கூடாது. இரண்டும் வேறு வேறு.

மார்ச் 3, மாலை 6.50 (கேள்வி கேட்டவர்)

அப்படியானால் ரேம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் பேஜ் ஃபைல் பக்கம் போகுமா? எனக்கு 75% காட்டும்போதே மெதுவாகிறது.

மார்ச் 3, இரவு 9.30

நல்ல கேள்வி. தீரும் வரை காத்திருக்காது. ரொம்ப நேரம் தொடாத பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கி, மாற்றம் உள்ளவற்றைப் பேஜ் ஃபைலில் எழுதி வைக்கும். திடீரென இடம் வேண்டியிருந்தால் உடனே கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. விண்டோஸ் 10 இன்னொன்றும் செய்கிறது: டிஸ்க்குக்கு அனுப்பும் முன் பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைக்கும். டாஸ்க் மேனேஜரில் (ரேம், டிஸ்க் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் விண்டோஸ் கருவி) மெமரி பக்கத்தில் "பயன்பாட்டில்" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் சுருக்கிய அளவு தெரியும். உங்களுக்கு அது பல நூறு மெகாபைட் காட்டினால், 75% என்பதே கசக்கிப் பிழிந்த 75% என்று அர்த்தம்.

அதே பக்கத்தில் "கமிட்டட்" என்று சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம். மென்பொருள்களுக்குக் கொடுத்த வாக்குறுதி முதல் எண். விண்டோஸ் அந்த மொத்தத்துக்கு மேல் வாக்குக் கொடுக்காது. நான் பேஜ் ஃபைலை நிறுத்தியபோது மொத்தம் 4 ஜிபிக்கும் கீழே இறங்கிவிட்டது. வாக்குறுதியாகக் கேட்டு இன்னும் பயன்படுத்தாத இடமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், ரேமில் காலி இடம் இருக்கும்போதே "போதவில்லை" என்று கைவிரித்துவிட்டது. அப்பாவின் இரண்டு பக்கம் போன கதை இதுதான்.

மார்ச் 5, காலை 10.15 (கேள்வி கேட்டவர்)

நின்றுபோன நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் படம் எடுத்து வைத்தேன். டிஸ்க் 100%. ஆனால் வேகம் நொடிக்கு 1.2 எம்பிதான். 100% வேலை செய்கிற டிஸ்க் இவ்வளவுதானா செய்யும்? எண் தப்பாகக் காட்டுகிறதா?

மார்ச் 5, இரவு 11.00

எண் சரி. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் புரிந்த மாதிரி.

100% என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்பது. எவ்வளவு தூக்கியது என்பது 1.2 எம்பி. உங்கள் டிஸ்க் ஒரு பெரிய படக் கோப்பை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 80, 100 எம்பி கொடுக்கும். தலை அங்குமிங்கும் ஓடாமல் அடுத்தடுத்த தடங்களிலிருந்து வாரிக் கொடுக்கலாம். ஆனால் பேஜிங்கில், அதாவது பக்கங்களை ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மாற்றும்போது, கேட்பது அங்கே ஒரு 4 கேபி, இங்கே ஒரு 4 கேபி. 18 மில்லி நொடிக்கு ஒன்று என்றால் நொடிக்கு 55. பெருக்கிப் பாருங்கள், 220 கேபி. பக்கத்துப் பக்கங்களையும் கூடவே அள்ளி வருவதால் உங்களுக்கு 1.2 எம்பி வரை வந்திருக்கிறது. மற்ற நேரமெல்லாம் தலை ஓடிக்கொண்டும் தட்டு சுற்றும் வரை காத்துக்கொண்டும் இருந்தது.

இப்போது அதே இடத்தில் "சராசரி பதில் நேரம்" என்று ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

மார்ச் 6, காலை 6.30

தூக்கம் வரவில்லை, கொஞ்சம் பழைய கதை.

இந்த ஏற்பாடு பர்சனல் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முந்தியது. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓட ஆரம்பித்த அட்லஸ் கணினிதான் முன்னோடி. டாம் கில்பர்னும் அவர் குழுவினரும் செய்தது. காந்த வளைய நினைவகத்தில் 16 ஆயிரம் சொற்களுக்கு (சொல் என்பது இங்கே கணினி ஒரே தடவையில் கையாளும் தகவல் அலகு) இடம், சுற்றும் உருளையில் 96 ஆயிரம் சொற்கள். நிரல் எழுதுகிறவர் எது எங்கே இருக்கிறது என்று கவலைப்படாமல் இரண்டையும் ஒரே கிடங்காகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பக்கத்துக்கு 512 சொற்கள். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும், வேகமான சின்ன இடம் ஒன்றும் சுற்றுகிற பெரிய இடம் ஒன்றுமாக உங்கள் லேப்டாப் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அதன் நோயையும் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1968இல் பீட்டர் டென்னிங் இரண்டு விஷயங்களை எழுதினார். ஒரு மென்பொருள் கடந்த கொஞ்ச நேரத்தில் தொட்ட, அதனால் அடுத்தும் தொட வாய்ப்புள்ள பக்கங்களின் தொகுப்புக்கு ஒர்க்கிங் செட் என்று பெயர் வைத்தார். ஓடுகிற எல்லா மென்பொருள்களின் ஒர்க்கிங் செட்டும் ரேமில் அடங்கும் வரை எல்லாம் சுகம். அடங்காமல் போனால், ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றின் பக்கத்தை வெளியேற்ற வேண்டும். வெளியேறியது அடுத்த நொடியே திரும்பக் கேட்கப்படும். இந்தச் சுழலுக்குத்தான் த்ராஷிங் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, அது படிப்படியாக வராது. பிரவுசரில் எட்டு டேப் வரை சிரமமில்லாமல் ஓடும், ஒன்பதாவதைத் திறந்ததும் விழுந்துவிடும். "நேற்று வரை நன்றாக ஓடியதே" என்று பலரும் சொல்வது இதனால்தான்.

மார்ச் 6, இரவு 8.20 (கேள்வி கேட்டவர்)

பதில் நேரம்: சும்மா இருக்கும்போது 10 முதல் 15 மில்லி நொடி. நின்றுபோகும்போது 600, 900, ஒரு முறை 1400. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறதா? அப்புறம், ரிசோர்ஸ் மானிட்டரில் "ஹார்ட் ஃபால்ட்ஸ்" 300க்கு மேல் போகிறது. ஹார்ட் டிஸ்க்கில் கோளாறு என்று அர்த்தமா?

மார்ச் 6, இரவு 9.05

பயப்படாதீர்கள். ஹார்ட் ஃபால்ட் என்பது பழுது கிடையாது. கேட்ட பக்கம் ரேமில் வேறு எங்காவது இருந்தால் அது சாஃப்ட் ஃபால்ட், உடனே முடியும். டிஸ்க் வரை போக வேண்டியிருந்தால் ஹார்ட் ஃபால்ட். அவ்வளவுதான். 300 என்றால் பேஜ் ஃபைலுக்கு நொடிக்கு 300 முறை போய் வருகிறது.

1400 மில்லி நொடி பற்றி: டிஸ்க் ஒரு வேலையை 18 மில்லி நொடியில் முடித்தாலும், முன்னால் 80 வேலை வரிசையில் நின்றால் 81ஆவது ஆளுக்கு ஒன்றரை நொடி ஆகும். சும்மா இருக்கும்போது 10, 15 தானே காட்டுகிறது? தட்டும் தலையும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பு போதாது, ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே குறித்து வைக்கும் எண்கள்) பார்க்க வேண்டும். எப்படி என்று எழுதுகிறேன்.

மார்ச் 9, மதியம் 2.30

6ஆம் தேதி இரவு எழுதியதில் ஒரு தப்பு. திருத்துகிறேன்.

"பேஜ் ஃபைலுக்கு நொடிக்கு 300 முறை" என்று எழுதினேன். ஹார்ட் ஃபால்ட் எல்லாமே பேஜ் ஃபைலிலிருந்து வருவதில்லை. மென்பொருளின் நிரல் பகுதி, அது கூட்டிக்கொண்டு வரும் டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்புகள், இவையும் பக்கம் பக்கமாகத்தான் ரேமுக்கு வருகின்றன. அவற்றின் மூலப் பிரதி டிஸ்க்கில் அந்தந்தக் கோப்பிலேயே இருக்கிறது. அதனால் ரேமில் இடம் வேண்டும்போது அவற்றை எங்கும் எழுதாமல் அப்படியே தூக்கி எறிந்துவிடலாம், வேண்டும்போது கோப்பிலிருந்து மறுபடி படிக்கலாம். அப்படிப் படிப்பதும் ஹார்ட் ஃபால்ட் கணக்கில்தான் சேரும். ஒரு மென்பொருளை முதல் முறை திறக்கும்போது எண் குதிப்பதும் இதனால்தான், அதில் தவறு ஒன்றுமில்லை. வேலை நடுவிலும் இறங்காமல் நூற்றுக்கணக்கில் நின்றால்தான் ரேம் போதவில்லை என்று பொருள்.

இதை எழுதும்போதுதான் முதல் குறிப்பில் விட்ட புதிருக்கும் விடை கிடைக்கிறது. பேஜ் ஃபைலை நிறுத்தியபோது, அப்பா அடித்த எழுத்துகள் போன்ற மாறும் பக்கங்களுக்கு வெளியே போக இடமே இல்லாமல் போயிற்று. அவை ரேமிலேயே உட்கார்ந்துகொண்டன. அப்போது இயங்குதளத்தால் எதை வெளியேற்ற முடியும்? நிரல் பக்கங்களை மட்டும்தான். காலையிலிருந்து தொடாத ஒரு பழைய டேப்பின் குப்பை ரேமில் பத்திரமாக இருக்க, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நிரலையே எறிந்து எறிந்து டிஸ்க்கிலிருந்து திரும்பப் படித்திருக்கிறது. அந்த விளக்கு அணையாததற்குக் காரணம் அதுதான். பேஜிங்கை நிறுத்தியதாக நான் நினைத்தேன். நிறுத்தியது பேஜிங்கில் பாதியை, அதுவும் உதவியாக இருந்த பாதியை.

மார்ச் 12, இரவு 10.45

இப்போது டிஸ்க். இந்தப் பகுதியைத்தான் நிதானமாக எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

பேஜ் ஃபைலைத் திரும்பப் போட்ட பிறகும் அப்பாவின் லேப்டாப் சரியாகவில்லை. 4 ஜிபிதானே, அப்படித்தான் இருக்கும் என்று ஆறேழு மாதம் ஓட்டிவிட்டேன். ரேம்தான் குற்றவாளி என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டதால் வேறு பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திறந்திருந்தது ஒரே ஒரு கோப்பு. பிரவுசர் கூட இல்லை. ரேம் 60% தான். அப்படியும் நின்றது. மின்விசிறியை நிறுத்திவிட்டு லேப்டாப்பின் இடது ஓரத்தில் காதை வைத்தேன். த்ராஷிங் சத்தம் எனக்குப் பழக்கம். பொரிகிற மாதிரி, ஒழுங்கில்லாமல், விடாமல் கேட்கும், தலை நாலா பக்கமும் ஓடுகிற சத்தம். இது அப்படி இல்லை. டிக். இடைவெளி. டிக். இடைவெளி. டிக். கடிகாரம் போல ஒரே சீராக. விளக்கு அணையாமல் எரிகிறது. டாஸ்க் மேனேஜரில் 100%, வேகம் 0. இருபது நொடி கழித்து எல்லாம் உயிர் பெற்றது.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிற டிஸ்க்கின் சத்தம் அது. ஒரு செக்டர் (தட்டில் தகவல் எழுதப்படும் சிறு துண்டு) சரியாகப் படியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது. தட்டு மறுபடி சுற்றி வரும் வரை காத்திருந்து மறுபடி படிக்கும், தலையைச் சற்றே நகர்த்திப் படிக்கும். ஒரு முயற்சிக்கு ஒரு சுற்று, 11 மில்லி நொடி. நூற்றுக்கணக்கான முயற்சி என்றால் நொடிக்கணக்கில் போகும். பின்னால் நிற்கும் வேலையெல்லாம் அதுவரை அப்படியே நிற்கும்.

விண்டோஸ் தான் கண்ட பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூயரில் சிஸ்டம் பதிவைத் திறந்தேன். டிஸ்க் என்ற பெயரில் 51ஆம் எண் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன: பேஜிங் வேலையின்போது டிஸ்க்கில் பிழை. நடுநடுவே 7ஆம் எண், பழுதான பிளாக். முதல் பதிவு நான்கு மாதத்துக்கு முந்தியது. நான்கு மாதமாக அது எழுதி எழுதி வைத்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். குறைந்த ரேமோடு இருக்கும் பழைய டிஸ்க் அந்த மத்தளம்தான். ரேம் போதாததால் வேலை கூடுகிறது, வயதானதால் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் கூடுகிறது. இரண்டும் பெருக்கிக்கொள்கின்றன. பேஜ் ஃபைல் இருக்கும் இடத்திலேயே ஒரு செக்டர் கெட்டால், ஒரு சாதாரணக் கோப்பு கெடுவது போல முடியாது. இயங்குதளத்தின் மையப் பகுதிக்குரிய பக்கமே திரும்பி வராமல் போனால் நீலத் திரையில் "கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" என்று போட்டுக் கணினி நின்றுவிடும். அந்த வார்த்தையைப் பார்த்தால் ரேமைச் சந்தேகிப்பதற்கு முன் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பாருங்கள்.

மார்ச் 12, இரவு 11.20

ஸ்மார்ட் எண்கள். இதைப் படித்துக் காட்ட இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. அதில் நான்கைப் பார்த்தால் போதும்.

5: மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197: படிக்க முடியாமல், முடிவாகாமல் நிற்பவை. 198: சோதித்தும் மீட்க முடியாதவை. 199: கேபிள் வழியில் வந்த பிழைகள். இது மட்டும் கூடினால் டிஸ்க்கை விட இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

அப்பாவின் டிஸ்க்கில் 197 எதிரே 112 இருந்தது. ஒரு வாரத்தில் 140 ஆயிற்று. எண் எவ்வளவு என்பதை விட ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். பல வருடமாக 5இல் எட்டே எட்டு என்று அசையாமல் இருக்கும் டிஸ்க்குகளையும் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 13, காலை 7.15

முக்கியமானதை விட்டுவிட்டேன். 197 ஏறுகிறது என்று தெரிந்ததும் செக் டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடுவது) ஓட்டாதீர்கள், டீஃப்ராக் (துண்டுபட்ட கோப்புகளைச் சேர்த்து அடுக்குவது) வேண்டவே வேண்டாம். இரண்டும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும். முதலில் திரும்ப உருவாக்க முடியாத கோப்புகளை வெளியே எடுங்கள். நான் அப்பாவின் நினைவுக் குறிப்புகளை முதலில் எடுத்தேன், அப்புறம் படங்கள். முழு டிஸ்க்கையும் நகலெடுக்க வேண்டுமென்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு. படியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் அள்ளும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். ஆபத்தான நேரத்தில் மனிதன் செய்ய வேண்டியதும் அந்த வரிசையில்தான்.

மார்ச் 14, இரவு 9.40

மூன்று பேர் தனியாகக் கேட்டவற்றுக்குச் சுருக்கமாக.

பேஜ் ஃபைலை அதே டிஸ்க்கின் வேறு பார்ட்டிஷனுக்கு (டி டிரைவ் போன்ற வேறு பிரிவுக்கு) மாற்றினால்? உதவாது. தலை ஒன்றுதான், அது இன்னும் அதிக தூரம் ஓட வேண்டிவரும். வேறொரு டிஸ்க் இருந்து அது வேகமானதாகவும் இருந்தால் மாற்றலாம்.

டிஸ்க் நிறைந்திருந்தால் மெதுவாகுமா? ஆகும். தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகத் தகவல் அடங்கும், உள்ளே போகப் போகக் குறையும். உள்விளிம்பில் வரிசை வேகம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். டிஸ்க் நிறைய நிறைய, கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறுவதும் கூடும்.

தினமும் லேப்டாப்பை நிறுத்தித்தானே போடுகிறேன், அது புதிதாகத் தொடங்காதா? விண்டோஸ் 8 முதல் "ஷட் டவுன்" என்பது முழு நிறுத்தம் கிடையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே ஏற்றும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் "அப் டைம்" பாருங்கள், இருபது நாள் என்று கூடக் காட்டும். உண்மையான புதுத் தொடக்கம் வேண்டுமானால் "ரீஸ்டார்ட்" கொடுங்கள்.

மார்ச் 17, மாலை 5.30

லினக்ஸ் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "விஎம்ஸ்டாட் 1" என்று ஓட்டினால் எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்தி வரும். ஸ்வாப்பிலிருந்து (லினக்ஸில் பேஜ் ஃபைலின் வேலையைச் செய்யும் இடம்) ரேமுக்குள் வருவதும் ரேமிலிருந்து அங்கே போவதும். ஸ்வாப்பில் 1 ஜிபி கிடக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது தூங்குகிற பக்கங்களாக இருக்கலாம். அந்த இரண்டு பத்தியும் விடாமல் ஓடினால்தான் கவலை. பழைய டிஸ்க் என்றால் இசட்ரேம் போட்டுப் பாருங்கள். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிய ஸ்வாப்பாக வைத்துக்கொள்ளும், டிஸ்க்குக்குப் போகிற பயணம் குறையும். 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) உள்ளே இருக்கிறது.

மார்ச் 20, இரவு 10.10

அப்பாவின் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத சேமிப்பகம்) போட்ட கதையோடு ஒரு மறுயோசனையும் இருக்கிறது.

போட்ட அன்று அவர் ஒரு வரி அடித்தார். பழக்கத்தில் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். எழுத்து ஏற்கனவே திரையில் இருந்தது. விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எஸ்எஸ்டியில் நகர ஒன்றுமில்லை, ஒரு 4 கேபி பக்கம் சுமார் 0.1 மில்லி நொடியில் வந்துவிடும். 18 எங்கே, 0.1 எங்கே.

அதைப் பார்த்துவிட்டு "ரேம் முக்கியமில்லை, எஸ்எஸ்டி போடுங்கள்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். சில வாரம் கழித்து ஹார்ட் ஃபால்ட்டைப் பார்த்தேன், அது குறையவே இல்லை. குறைய ஏன் வேண்டும், ரேம் அதே 4 ஜிபிதானே? முன்பு நம்மை நிறுத்தி வைத்த அதே போக்குவரத்து, இப்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கிறது. ரேமோடு ஒப்பிட்டால் 0.1 மில்லி நொடியும் ஆயிரம் மடங்கு அதிகம்தான். எழுதுவதற்கு எஸ்எஸ்டிக்கும் ஆயுள் கணக்கு உண்டு. வீட்டு வேலைக்கு அது பெரிய பயம் இல்லை, பேஜ் ஃபைலை எஸ்எஸ்டியில் வைக்கக் கூடாது என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கேட்டால் இன்று நான் சொல்வது: டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தால் முதலில் டிஸ்க். டிஸ்க் நன்றாக இருந்து ஹார்ட் ஃபால்ட் இறங்காமல் நின்றால் முதலில் ரேம். இரண்டுக்கும் வழியிருந்தால் இரண்டும்.

மார்ச் 22, காலை 8.50 (கேள்வி கேட்டவர்)

ஸ்மார்ட் பார்த்தேன். 5: 0. 197: 0. 198: 0. 199: 3, ஒரு வாரமாக மாறவில்லை. ஈவென்ட் வியூயரில் 51, 7 எதுவும் இல்லை. அப் டைம் 26 நாள் காட்டியது! ரீஸ்டார்ட் கொடுத்ததில் கொஞ்சம் பரவாயில்லை. பிரவுசர் மட்டும் திறந்தால் ஹார்ட் ஃபால்ட் 5, 10. வேர்டு, பிடிஎஃப் சேர்ந்தால் 250 ஏறி இறங்கவே மாட்டேன் என்கிறது. ரேம் போட இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது.

மார்ச் 22, இரவு 9.15

இதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. உங்கள் டிஸ்க் வயதானது, ஆனால் நோயில்லாதது. 199இல் அந்த மூன்று அசையாத வரை விட்டுவிடுங்கள். காலி ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி போடுங்கள், இருக்கும் ரேமின் வகை டிடிஆர்3ஆ, குறைந்த மின்னழுத்த டிடிஆர்3எல்லா என்று பழைய ரேம் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அதே வகையாக வாங்குங்கள். பேஜ் ஃபைலைத் தொட வேண்டாம், தானாகவே இருக்கட்டும்.

ரேம் வரும் முன் ஒரு வேலை. வேர்டு, பிடிஎஃப், அதே எட்டு டேப், மூன்றையும் திறந்து வைத்து ஹார்ட் ஃபால்ட், டிஸ்க் பதில் நேரம், கமிட்டட் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு அதே கோப்புகளை அதே வரிசையில் திறந்து மறுபடி குறித்து இங்கே போடுங்கள். கமிட்டட்டின் முதல் எண் பெரிதாக மாறாது, பதில் நேரம் 20க்குள் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். வரவில்லையென்றால் 197ஐ மறுபடி பார்ப்போம்.